அந்தப் பட்டன் அங்கே இல்லை

“தம்பி, நீ சொல்ற பச்சை பட்டன் இங்க இல்லப்பா.”

“இருக்கும்மா. நல்லா பாரு. கீழ, நடுவுல. ‘செத்தெருஸ்னியா’னு எழுதியிருக்கும்.”

“கீழ ஒண்ணுமே இல்லய்யா. பில்லு நம்பர்தான் தெரியுது.”

“என் கையிலயும் அதே ஆப்புதாம்மா இருக்கு. எனக்குத் தெரியுது, உனக்கு மட்டும் எப்படித் தெரியாமப் போகும்?”

அம்மா சுங்கை சிப்புட்டில், நான் பூச்சோங்கில். நடுவே மூன்று மணி நேரக் கார்ப் பயணம். மாதா மாதம் மின்கட்டணம் கட்டும் தேதி நெருங்கினால் எங்களுக்குள் இந்த உரையாடல் நடக்கும். முதல் ஐந்து நிமிடம் பொறுமையாகத்தான் பேசுவேன். பத்தாவது நிமிடத்தில் என் குரல் ஏறிவிடும். கடைசியில், “சரி விடும்மா, நானே கட்டிடுறேன்” என்று போனை வைத்துவிடுவேன். அம்மாவுக்கு அதுதான் பிடிக்காது. தன் வீட்டு பில்லைத் தன் பணத்தில் தானே கட்ட வேண்டும் என்பதில் அவர் உறுதியானவர்.

பிறகு அந்த அழைப்பு நின்றுவிட்டது. இரண்டு மாதம், மூன்று மாதம், அம்மா பில் பற்றிப் பேசவே இல்லை. கற்றுக்கொண்டுவிட்டார் என்று நானும் மகிழ்ச்சியாக இருந்தேன்.

தைப்பூச விடுமுறைக்கு ஊருக்குப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் இருந்த பால் கணக்கு நோட்டில், கடைசிப் பக்கத்தில், ஆறு இலக்க எண் ஒன்று பெரிதாக எழுதியிருந்தது. அம்மாவின் மின்பணப்பை ரகசிய எண். பக்கத்து வீட்டுப் பையன் மாதம் ஒருமுறை வந்து, அந்த நோட்டைப் பார்த்து, பில் கட்டிக் கொடுத்துவிட்டுப் போகிறானாம்.

“இப்படியெல்லாம் எழுதி வைக்கலாமாம்மா? யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?”

அம்மா காய்கறி நறுக்குவதை நிறுத்தாமல் சொன்னார்: “அவன் நல்ல பையன்தாம்ப்பா. சத்தம் போட மாட்டான்.”

அதற்கு மேல் என்னால் ஒன்றும் பேச முடியவில்லை.

நான் வேலை செய்வது ஒரு சரக்கு நிறுவனத்தில். அலுவலகத்தில் ஏதாவது செயலி மக்கர் செய்தால் கணினிப் பிரிவுக்குப் புகார் அனுப்புவோம். அவர்கள் முதலில் கேட்பது, “என்ன நடக்கிறது என்று திரையைப் பதிவு செய்து அனுப்புங்கள்” என்பதுதான். நாம் வாயால் சொல்வதை அவர்கள் நம்புவதில்லை என்பது காரணமல்ல. நமக்கு முக்கியமாகப் படாத ஏதோ ஒன்றில்தான் பெரும்பாலும் கோளாறு ஒளிந்திருக்கும். நாம் அதைச் சொல்ல மாட்டோம். திரைப் பதிவு அதையும் காட்டிவிடும்.

அன்று இரவு அம்மாவின் கைத்தொலைபேசியை வாங்கி, திரையின் மேலிருந்து கீழே இழுத்தால் வரும் படங்களின் வரிசையில் திரைப் பதிவுக்கான படத்தை முதலாவதாக வைத்தேன். அந்த மாத பில் ஏற்கெனவே கட்டியாகிவிட்டதால் மின்கட்டணச் செயலியைத் திறந்து பார்க்க எனக்குத் தோன்றவில்லை. “சினிமா கேமரா மாதிரி இருக்கு பாரு, இதைத் தட்டு. வர்ற கேள்விக்குச் சம்மதம் சொல்லு. அப்புறம் நீ என்ன செஞ்சாலும் அது படமா பதிவாகும். முடிஞ்சதும் நிறுத்திட்டு எனக்கு அனுப்பு” என்றேன். மூன்று முறை செய்து பார்த்தார். மூன்றாவது முறை என் உதவி தேவைப்படவில்லை.

ரகசிய எண்ணை மாற்றினேன். நோட்டின் கடைசிப் பக்கத்தையும் கிழித்துப் போட்டேன்.

அடுத்த மாதம் பில் வந்தது. கூடவே அம்மாவிடமிருந்து ஒரு காணொளியும் வந்தது. ஒரு நிமிடம் நாற்பது விநாடி. மதிய உணவு வேளையில் அலுவலகப் படிக்கட்டில் உட்கார்ந்து அதைப் பார்த்தேன்.

செயலி திறக்கிறது. பில் எண் தெரிகிறது. தொகை தெரிகிறது. அதோடு திரை முடிந்துவிடுகிறது. பச்சைப் பட்டனைக் காணவில்லை.

கண்புரை அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அம்மாவின் தொலைபேசியில் எழுத்தின் அளவை யாரோ மிகப் பெரிதாக வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். எழுத்து பெரிதானதால் பக்கம் நீண்டு, பட்டன் திரைக்குக் கீழே போய்விட்டது. விரலால் மேலே தள்ளினால்தான் அது கண்ணுக்குத் தெரியும். அப்படித் தள்ள வேண்டும் என்பதற்குத் திரையில் அம்போ கோடோ எதுவும் இல்லை. என் தொலைபேசியில் எழுத்து சிறியது என்பதால் பட்டன் எப்போதும் கண்முன்னே இருந்தது.

அம்மா சொன்னது முழு உண்மை. அந்தப் பட்டன் அங்கே இல்லை. இல்லாத பட்டனைப் பார்க்கவில்லை என்று ஆறு மாதம் அவரைத் திட்டியிருக்கிறேன்.

இன்னொன்றும் அந்தக் காணொளியில் இருந்தது. ஒலிவாங்கியை நான் திறந்தே வைத்திருந்தேன். அதனால் அம்மாவின் குரலும் பதிவாகியிருந்தது. யாரிடமும் பேசாமல், தனக்குத் தானே பேசிக்கொள்ளும் குரல். “எங்கய்யா இருக்கு... பச்சைனானே... இல்லயே... என் கண்ணுதான் சரியில்லயோ என்னவோ...”

அன்று மாலை அம்மாவை அழைத்தேன். “பட்டன் கீழ ஒளிஞ்சிருக்கும்மா. விரலால மேல தள்ளிப் பாரு” என்றேன். சில விநாடி அமைதி. பிறகு, “அட, இருக்குப்பா!” என்றார். “தப்பு என்னுதும்மா. நீ சொன்னதுதான் சரி” என்றேன். அவர் சிரித்துவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டார்.

திரைப் பதிவு என்பது புதிய மந்திரம் அல்ல. ஆண்ட்ராய்டில் 2014ஆம் ஆண்டு வந்த ஐந்தாம் பதிப்பிலிருந்தே தனிச் செயலிகள் மூலம் இதைச் செய்ய முடிந்தது. ஐபோனில் 2017ஆம் ஆண்டு ஐஓஎஸ் 11 வந்தபோது இது தொலைபேசியிலேயே சேர்ந்தது. 2020ஆம் ஆண்டு வந்த ஆண்ட்ராய்டு 11, தன்னுடனேயே இந்த வசதியைக் கொண்டு வந்தது. ஆகவே இன்று உங்கள் வீட்டில் இருக்கும் பெரும்பாலான திறன்பேசிகளில் இது ஏற்கெனவே இருக்கும். தனியாக எதையும் பதிவிறக்க வேண்டியதில்லை. விளம்பரத்தில் வரும் இலவசப் பதிவுச் செயலிகளைத் தொடாமல் இருப்பதே நல்லது.

ஐபோனில், திரையின் வலது மேல் மூலையிலிருந்து கீழே இழுத்தால் கண்ட்ரோல் சென்டர் வரும். வட்டத்துக்குள் வட்டமாக இருக்கும் படம்தான் பதிவுக்கானது. அதைத் தட்டினால் மூன்று விநாடி எண்ணிக்கைக்குப் பிறகு பதிவு தொடங்கும். உங்கள் குரலும் சேர வேண்டுமானால் அந்தப் படத்தை அழுத்திப் பிடித்து ஒலிவாங்கியைத் திறக்க வேண்டும். ஆண்ட்ராய்டில், மேலிருந்து இரண்டு முறை இழுத்தால் வரும் வரிசையில் ஸ்கிரீன் ரெக்கார்டு இருக்கும். இல்லையென்றால் வரிசையைத் திருத்தும் பென்சில் படத்தைத் தட்டிச் சேர்த்துக்கொள்ளலாம். குரல் வேண்டுமா, விரல் தொடும் இடம் தெரிய வேண்டுமா என்றெல்லாம் அதுவே கேட்கும், அல்லது அதன் அமைப்புகளில் இருக்கும்.

அந்த விரல் விஷயம் முக்கியம். அம்மாவுக்கு நான் முதன்முதலில் செய்து அனுப்பிய பாடம் ஆறு நிமிடம் ஓடியது. என் ஐபோனில், ஆங்கிலத்தில், என் வேகத்தில். அம்மா முழுக்கப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “நல்லா இருக்கு தம்பி. ஆனா படம் தானா மாறுது. உன் விரல் எங்க போகுதுன்னு தெரியலயே.” ஐபோன் பதிவில் விரல் தொடும் இடம் தெரியாது. ஆண்ட்ராய்டில் அதைத் திறந்துவிட்டால், தொடும் இடத்தில் சிறு புள்ளி ஒன்று தெரியும்.

அதற்குப் பிறகு நான் சில வழக்கங்களை வைத்துக்கொண்டேன். பாடத்தை அம்மாவின் தொலைபேசியிலேயே, அதே மலாய் மொழியில், அதே பெரிய எழுத்தில் பதிவு செய்வேன். ஊருக்குப் போகும்போது நான்கைந்தைச் செய்து வைத்துவிடுவேன். ஒரு காணொளிக்கு ஒரு வேலைதான். பில் கட்டுவது ஒன்று, மருத்துவமனைச் சந்திப்புத் தேதி பார்ப்பது இன்னொன்று. இரண்டு நிமிடத்தைத் தாண்டக் கூடாது. ஒவ்வொரு தட்டலுக்கும் முன்னால் வாயால் சொல்லிவிட்டு, ஒரு மூச்சு விட்டு, பிறகுதான் தட்டுவேன். அம்மா அவற்றை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, இப்போது அதே பால் நோட்டில் படிப்படியாக எழுதி வைத்திருக்கிறார். ரகசிய எண் மட்டும் அதில் இல்லை.

பதிவில் ஆபத்தும் உண்டு. அதையும் வீட்டிலேயே கற்றோம்.

ஒருமுறை அம்மா எனக்கு அனுப்ப வேண்டிய காணொளியைக் குடும்பக் குழுவில் போட்டுவிட்டார். சித்தப்பா, அத்தை, அவர்களின் மருமக்கள் என்று நாற்பது பேர் இருக்கும் குழு. காணொளியின் நடுவே மேலிருந்து ஒரு குறுஞ்செய்தி இறங்கியது. வங்கி அனுப்பிய ஒருமுறை எண். சில நிமிடங்களில் காலாவதியாகும் எண்தான். இருந்தாலும் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. உடனே அழிக்கச் சொன்னேன். இந்த முறை சத்தம் போடாமல்.

திரைப் பதிவுக்கு நல்லது கெட்டது தெரியாது. திரையில் எது வந்தாலும் அள்ளிக்கொள்ளும். ஆகவே பதிவைத் தொடங்கும் முன் ‘தொந்தரவு செய்யாதே’ வசதியைத் திறந்துவிடுங்கள். அனுப்பும் முன் முழுக்க ஒருமுறை பாருங்கள். வேலை முடிந்ததும் புகைப்படத் தொகுப்பிலிருந்து அழித்துவிடுங்கள். இல்லையென்றால் அது இணையச் சேமிப்புக்கும் தானாகப் போய்ச் சேரலாம்.

பல வங்கிச் செயலிகளைப் பதிவு செய்தால் வெறும் கறுப்புத் திரைதான் கிடைக்கும். படம் காட்டும் செயலிகள் சிலவும் அப்படித்தான். தொலைபேசி கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். அந்தச் செயலியே பதிவைத் தடுக்கிறது. “இதை மட்டும் ஏன்ப்பா படம் பிடிக்க முடியல?” என்று அம்மா கேட்டார். “யாரும் பார்க்கக் கூடாதுன்னு அவங்களே திரை போட்டு மூடிட்டாங்க” என்றேன். அந்தப் பதில் அவர் மனத்தில் தங்கியிருக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி. கூட்டத்தில் இருந்தேன். அம்மாவிடமிருந்து அழைப்பு. வேலை நேரத்தில் அவர் அழைக்கவே மாட்டார். வெளியே வந்து எடுத்தேன்.

“தம்பி, வேலையா இருக்கியா? ஒரு ஆளு போன் பண்ணான். நான் கட் பண்ணிட்டேன். தப்பு பண்ணிட்டனான்னு தெரியல.”

ஓர் அரசு அலுவலகத்தின் பெயரைச் சொல்லி ஒருவன் அழைத்திருக்கிறான். முதலில் மலாயில் “புவான்” என்று மரியாதையாக. பிறகு இன்னொருவன் நல்ல தமிழில். அம்மாவின் பெயரில் பணமோசடி வழக்கு இருப்பதாகவும், யாரிடமும் சொல்லக் கூடாது என்றும், உடனே சரிபார்க்க வேண்டும் என்றும் சொல்லி, வாட்ஸ்அப் காணொளி அழைப்புக்கு வரச் சொல்லியிருக்கிறான். அழைப்பில் இருக்கும்போதே ஒரு படத்தைத் தட்டி, திரையைப் பகிரச் சொல்லியிருக்கிறான். “ஒண்ணும் இல்ல மேடம், உங்க கணக்கு பத்திரமா இருக்கான்னு நாங்க பார்க்கணும். அவ்வளவுதான்.”

வாட்ஸ்அப் காணொளி அழைப்பில் திரையைப் பகிரும் வசதி 2023ஆம் ஆண்டு வந்தது. தூரத்தில் இருக்கும் பிள்ளைகள் பெற்றோருக்கு உதவ அருமையான வசதி. மோசடிக்காரர்களுக்கும் அதே அளவு அருமையானது. பதிவு செய்தால் காணொளி உங்கள் தொலைபேசியில்தான் இருக்கும். நீங்கள் அனுப்பினால்தான் போகும். பகிர்ந்தாலோ, நீங்கள் பார்ப்பதை அவன் அதே விநாடியில் பார்க்கிறான். வங்கிச் செயலி தன்னை மூடிக்கொண்டாலும், மேலிருந்து இறங்கும் ஒருமுறை எண் குறுஞ்செய்தியை அவன் படித்துவிடலாம்.

அம்மா அந்தப் படத்தைத் தட்டியிருக்கிறார். தட்டியதும் திரையில் ஓர் எச்சரிக்கைக் கேள்வி வந்திருக்கிறது. அதில் ‘மெராகாம்’ என்ற சொல் இருந்திருக்கிறது. பதிவு செய்வது என்று பொருள்படும் மலாய்ச் சொல்.

“எனக்கு அந்த எழுத்து நல்லா தெரியும்ப்பா. உனக்கு வீடியோ எடுக்கிறப்போல்லாம் அதேதான வரும்? இவன் எதுக்கு என் போன படம் பிடிக்கிறான்னு நினைச்சேன். பேங்க்காரனே திரை போட்டு மூடி வச்சிருக்கான், இவன் யாரு திறந்து பார்க்கன்னு தோணுச்சு. எம்மவன்கிட்ட கேட்டுட்டு வர்றேன்னேன். யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு கத்தினான். கத்தவும் கட் பண்ணிட்டேன்.”

அப்பா இறந்த பிறகு வந்த பணம், 28,000 ரிங்கிட், அந்தக் கணக்கில்தான் இருந்தது. அவரிடம் வேறு சேமிப்பு கிடையாது.

அம்மாவை அமைதிப்படுத்திவிட்டு, முதலில் வங்கியின் அவசர எண்ணுக்கும், பிறகு 997க்கும் அழைக்கச் செய்தேன். 997 என்பது 2022ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண். சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு அதுபோன்ற உதவி எண் 1799. பணம் எதுவும் போகவில்லை. யாராவது தெரியாமல் திரையைப் பகிர்ந்துவிட்டால், அழைப்பைத் துண்டித்து, இணையத்தையும் நிறுத்திவிட்டு, உடனே இந்த எண்களை அழைப்பதுதான் முதல் வேலை. யார் மேல் தப்பு என்ற பேச்சை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

அந்த எழுத்தை அம்மா அடையாளம் கண்டது பெரிய விஷயம்தான். ஆனால் இரவில் படுத்து யோசித்தபோது வேறொன்றுதான் எனக்கு உறைத்தது. அந்தக் காலையில் அவர் என்னை அழைத்தார். ஓராண்டுக்கு முன்பாக இருந்தால் அழைத்திருப்பாரா? “எத்தனை தடவைம்மா சொல்றது” என்று கத்துவான் என்று பயந்து, நடந்ததை முந்தானையில் முடிந்து வைத்திருப்பார். யாரிடமும் சொல்லாதே என்று மோசடிக்காரன் கத்தினான். அதையே என் கோபமும் பல மாதங்களாக அவருக்குச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது.

ஆகவே இளைய வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பெற்றோரின் தொலைபேசியில் திரைப் பதிவுக்கான படத்தை முன்னால் எடுத்து வையுங்கள். மூன்று முறை பழக்குங்கள். பதிவு வேறு, பகிர்வு வேறு என்று சொல்லிக் கொடுங்கள். அழைத்தவர் யாராக இருந்தாலும், திரையைப் பகிரச் சொன்னால் முதலில் பிள்ளைக்கு ஒரு போன் என்று பேசி வையுங்கள். அந்தப் போன் வரும்போது நீங்கள் எடுக்க வேண்டும். சத்தம் போடாமல் பேச வேண்டும்.

போன வாரம் குடும்பக் குழுவில் அம்மாவிடமிருந்து ஒரு காணொளி. பதறித் திறந்தேன். இந்த முறை தெரிந்தேதான் போட்டிருக்கிறார். கூலிமில் இருக்கும் பெரியம்மாவுக்கு மின்கட்டணம் கட்டும் பாடம். பெரிய எழுத்து, மெதுவான விரல், ஒவ்வொரு தட்டலுக்கும் முன்னால் ஒரு மூச்சு. ஓரிடத்தில் நிறுத்திச் சொல்கிறார்:

“அக்கா, இங்க பட்டன் இருக்காது. நீ பயப்படாத, உன் கண்ணு நல்லாத்தான் இருக்கு. மேல தள்ளு, வரும். வரலன்னா எனக்குப் போன் பண்ணு. நான் சத்தம் போட மாட்டேன்.”